மெழுகு படாத இடம்

"பைக்குல பின்னால யாரும் உட்கார முடியாத மாதிரி ஒரு சீட்டு செய்யணும். சொல்லித் தருவியா?"

தொம்மை கேட்டார்.

அமலோற்பவம் கவிழ்த்துப் போட்டிருந்த ஃபைபர் படகின் அடியில் ரெசின் பசை தடவிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இப்ப பின்னால யாரு உட்காருதா?"

"யாருமில்ல."

"அப்ப அந்தச் சீட்டுதான் ஏற்கெனவே இருக்குல்லா, அண்ணாச்சி."

தொம்மைக்குச் சுருக்கென்றது. வந்த வழியே போய்விடலாமா என்று நினைத்தார். போகவில்லை.

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. ஐஸ் கம்பெனியில் மெஷின் பார்க்கிறவர். அவளுக்கு முப்பத்துநாலு. தூத்துக்குடிக்குத் தெற்கே அந்தக் கடற்கரையில் எந்தப் படகு பாறையில் உரசினாலும் அவள்தான் ஒட்டுப்போட வேண்டும். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். ஆனாலும் ஊரே அவளை டீச்சர் என்றுதான் கேலியாகக் கூப்பிட்டது. எதைக் கேட்டாலும் திருப்பி ஒரு கேள்விதானே கேட்பாள்!

"பின்னால ஒரு மீன் பெட்டியக் கட்டுங்க. ஒருத்தரும் உட்கார மாட்டாவ."

"பெட்டியக் கழத்திரலாம்."

"கழத்த முடியாதபடி வேணுமா?"

"ஆமா. பைக்கோட சட்டத்தைப் பின்பக்கம் அறுத்து எறிஞ்சிரணும். அங்க வாலு மாதிரி ஒண்ணு ஏத்தணும். ரேஸ் வண்டிக்கு இருக்கும்லா, அது கணக்கா. ஒத்தையாள் சீட்டு."

அவள் பிரஷைக் கீழே வைத்தாள். முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"உங்க வீட்டுல வச்சுச் செய்ங்க. நான் வந்து பக்கத்துல நிக்கேன். நீங்க கேட்டா பதில் சொல்லுவேன். கேட்காம நீங்களாப் பேசிக்கிட்டே போனா வாயத் திறக்க மாட்டேன். சம்மதமா?"

இதில் என்ன பெரிய கஷ்டம் என்று நினைத்தார் தொம்மை.

"சம்மதம்," என்றார்.

*

ஊர்வாய் சும்மா இருக்குமா? தலை நரைத்தபிறகு மனுசனுக்கு ரேஸ் வண்டி கேட்குதாக்கும் என்று சிரித்தார்கள். சிரித்தவர்கள்தான் எட்டு மாதத்துக்கு முன்னால் அவர் வீட்டு வாசலில் நின்று அழுதவர்களும்.

அவர் மனைவி மெற்றில்டா அந்தப் பின்சீட்டிலிருந்து விழுந்துதான் செத்துப்போனாள்.

உப்பளத்து ரோட்டில், வெள்ளை அடிக்காத ஒரு புது வேகத்தடை. டவுனிலிருந்து திரும்பி வரும்போது வண்டி தூக்கிப் போட்டது. அவள் பின்னந்தலை அடிபட விழுந்தாள். "உடனே நிறுத்திட்டேன். ஓடிப்போய் மடியில போட்டுக்கிட்டேன். 'மாதாவே'ன்னு ஒரு வார்த்தை சொன்னா. அவ்வளவுதான்," என்று தொம்மை எல்லாரிடமும் சொன்னார். போலீசிடம் சொன்னார். பங்குச் சாமியாரிடம் சொன்னார். மகள் ஜெசிந்தாவிடம் சொன்னார்.

முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடித்தார்கள். அட்டையில் மெற்றில்டாவின் படத்துக்குக் கீழே அச்சாகியிருந்தது, 'கடைசி வார்த்தை: மாதாவே.' அச்சடிக்கக் கொடுத்தவள் ஜெசிந்தாதான். நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிற பிள்ளை. அந்த அட்டையைப் பாடப்புத்தகத்துக்குள் வைத்திருந்தாள்.

அத்தனையும் பொய்.

தொம்மை உடனே நிறுத்தவில்லை. வேகத்தடையைத் தாண்டி அரை கிலோமீட்டர் போனார். பேசிக்கொண்டே போனார். பேச்சா அது? பெண்டாட்டியைத் திட்டிக்கொண்டே போனார். பின்னாலிருந்து பதில் வரவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தார். அதற்கும் சேர்த்துத் திட்டினார். எதிரே வந்த உப்பு லாரிக்காரன் கையை ஆட்டி ஆட்டிக் கத்திய பிறகுதான் திரும்பிப் பார்த்தார்.

சீட்டு காலியாக இருந்தது.

அன்றிலிருந்து அந்த ரோட்டில் அவர் போவதில்லை. சுற்றிக்கொண்டு போவார். பின்னால் யாரையும் ஏற்றுவதும் இல்லை. பஸ் ஸ்டாப் இரண்டு கிலோமீட்டர். ஜெசிந்தா தினமும் உப்பளத்து ரோட்டில் நடந்தே போனாள்.

"கொண்டு விடுங்கப்பா" என்று முதல் மாதம் கேட்டாள். "நடந்து போ" என்றார். இரண்டாம் மாதமும் கேட்டாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள்.

தன்னைப் பார்க்கவே அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்லப் போனால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமே!

சீட்டு வேலை தொடங்குகிற அன்று அவள் சொன்னாள்.

"அடுத்த ஞாயிறு ஹாஸ்டலுக்குப் போறேன். லீவுக்கும் வரணுமான்னு பாக்கேன்."

"ம்," என்றார் தொம்மை.

*

முதல் ஞாயிறு.

அமலோற்பவம் பூசை முடிந்து நேராக வந்தாள். முற்றம் முழுக்க வெள்ளை வெள்ளையாகத் தெர்மோகோல் பொடி.

"கோழிக்கு இதத்தான் போடுதீயளா?"

தொம்மை சிரிக்கவில்லை. பெருமையோடு தூக்கிக் காட்டினார். மூன்று நாளாகச் செதுக்கிய வால். பின்னால் போகப்போக மெலிந்து, நுனி மேலே தூக்கி நின்றது. உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்திருந்தார்.

"அழகா இருக்கு," என்றாள் அவள்.

"இந்தா பாரு, இது மேல கண்ணாடி நார் மேட்டை விரிக்கப் போறேன். ரெசின் ஊத்தப் போறேன். காஞ்சதும் இன்னொரு அடுக்கு. அப்புறம் பட்டி பாத்துத் தேய்ச்சு பெயிண்ட் அடிச்சிருவேன். போன்ல ஒருத்தன் இப்படித்தான் செஞ்சு காட்டுனான். இதுல ஒண்ணும் கம்ப சூத்திரம் இல்ல."

அவள் வாயைத் திறக்கவில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

தொம்மை ரெசினில் அதை இறுக வைக்கிற ஹார்ட்னரைக் கலக்கினார். மூக்கைத் துளைக்கிற வாடை எழுந்தது. கண்ணாடி நார் மேட்டை வால் மேல் விரித்தார். ஊற்றினார்.

சர்ரென்று ஒரு சத்தம்.

வால் அமுங்கியது. ஊற்ற ஊற்ற உள்ளே உள்ளே போனது. தெர்மோகோலை ரெசின் தின்றுகொண்டிருந்தது. தொம்மை கையால் தாங்கப் பார்த்தார். விரலெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியது. கொஞ்ச நேரத்தில் மூன்று நாள் வேலை வெறும் தோலாகச் சுருங்கிக் கிடந்தது.

"ஐயோ!" என்று தலையில் கை வைக்கப் போனார்.

"தலையில வைக்காதீய. முடி ஒட்டிக்கிடும்."

"இப்படி ஆகும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா என்ன?"

"நீங்க எங்க கேட்டீய? அது செய்யப் போறேன், இது செய்யப் போறேன்னு சொல்லிக்கிட்டேல்லா இருந்தீய."

அவருக்கு வந்த கோபத்தில் அந்த வாளியோடு அவளைத் தூக்கி வெளியே வீசியிருப்பார். அவள் எழுந்து வந்து காய்ந்துகொண்டிருந்த தோலை நகத்தால் தட்டிப் பார்த்தாள். டொக் டொக்கென்றது.

"மேல்தோல் கெட்டியாத்தான் நிக்கி. உள்ளதான் ஒண்ணுமில்ல," என்றாள்.

வாலைத்தான் சொன்னாளா என்று தொம்மைக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

சாயங்காலம் முழுக்கக் கை அரித்தது. கண்ணாடித் தூள் தோலுக்குள் ஏறியிருந்தது. சொறியச் சொறிய இன்னும் உள்ளே போனது. ரத்தம் வரும்வரை சொறிந்தார்.

*

வெள்ளிக்கிழமை அவரே கடற்கரைக்குப் போனார்.

"வேற எப்படிச் செய்ய?"

கேட்டுவிட்டாரே! அவள் உடனே சொன்னாள்.

"பழைய சீட்டு இருக்குல்லா. அதுதான் அச்சு. அது மேலயே ஃபைபர் ஓடு எடுக்கணும். முன்பாதி நீங்க உட்கார. பின்பாதிக்கு மேல வாலக் கட்டிக்கிடலாம்."

"ஓடு அது மேல ஒட்டிக்கிடாதா?"

"மெழுகு தடவணும். மூணு தடவ. துணி வேண்டாம், உள்ளங்கையால தேய்க்கணும். ஒரு இடம் விடக்கூடாது. மெழுகு பட்ட இடத்துல ஓடு பூப்போல வந்துரும்."

"படாத இடத்துல?"

"படாத இடத்துல நீங்களே பாத்துக்கிடுங்க."

*

இரண்டாம் ஞாயிறு. ஜெசிந்தா ஹாஸ்டலுக்குப் போகிற நாள். அஞ்சு மணிக்கு பஸ். உள்ளே அவள் பெட்டி அடுக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

தொம்மை விடியும்போதே சீட்டைக் கழற்றி முற்றத்தில் முக்காலி மேல் வைத்தார். பதினோரு வருஷம் உழைத்த சீட்டு. முன்னால் ஒரு பள்ளம், அவருடையது. பின்னால் இன்னொரு பள்ளம். அது இடது பக்கமாகச் சரிந்திருந்தது. மெற்றில்டா ஒரு பக்கமாகத்தான் உட்காருவாள்.

மெழுகு டப்பாவைத் திறந்தார். முன்பள்ளத்தில் தேய்த்தார். ஓரத்தில் தேய்த்தார். உள்ளங்கைச் சூட்டில் மெழுகு இளகி ரெக்சின் பளபளத்தது.

பின்பள்ளத்துக்குக் கை வந்தது.

நின்றது.

எட்டு மாதமாக அந்த இடத்தை அவர் தொட்டதில்லை. வண்டி துடைக்கும்போது அதை மட்டும் விட்டுவிடுவார். இப்போதும் கை இறங்கவில்லை. ஒரு சாண் உயரத்திலேயே காற்றில் தேய்த்துவிட்டு எடுத்துக்கொண்டார். முதல் தடவையும் அப்படி. இரண்டாம் தடவையும் அப்படி. மூன்றாம் தடவையும் அப்படி.

அமலோற்பவம் வந்தாள்.

"மெழுகு போட்டாச்சு," என்றார் அவர்.

அவள் சீட்டைப் பார்த்தாள். முன்பாதி பளபளவென்று மின்னியது. பின்பாதி தூசி தட்டி மங்கிக் கிடந்தது. குருடனுக்கும் தெரிந்திருக்கும். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

"இனி மேட்டை விரிக்கப் போறேன்," என்றார் தொம்மை.

விரித்தார். ரெசின் தடவினார். காற்றுக் குமிழ் இல்லாமல் பிரஷால் குத்திக் குத்தி அடக்கினார். மூன்று அடுக்கு. வெயில் சுள்ளென்று அடித்தது. மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் ஓடு இறுகிவிட்டது.

முன்பக்கம் விளிம்பில் உளியை விட்டு நெம்பினார். படக்கென்று விட்டது. பழைய சீட்டின் தையல் முதற்கொண்டு ஓட்டில் பதிந்திருந்தது. தொம்மைக்கு எட்டு மாதத்தில் முதல் முறையாக உற்சாகம் வந்தது. ரெண்டு கையாலும் பிடித்து இழுத்தார்.

பாதியில் நின்றுவிட்டது.

இழுத்தார். பின்பக்கம் அசையவில்லை. உளியை அடித்து இறக்கினார். சுத்தியலால் தட்டினார். காலை முட்டுக்கொடுத்து இழுத்தார். மடாரென்று ஓடு நடுவில் ஒடிந்து முன்பாதி மட்டும் கையோடு வந்தது. தொம்மை மல்லாக்க விழுந்தார்.

பின்பாதி சீட்டோடு சீட்டாக ஒட்டிப்போய்க் கிடந்தது.

சத்தம் கேட்டு ஜெசிந்தா வாசலுக்கு வந்து நின்றாள். தோளில் பை மாட்டியிருந்தாள்.

அமலோற்பவம் இப்போதுதான் எழுந்தாள்.

"அண்ணாச்சி, இப்ப நான் கேக்கேன். பின்னால மெழுகு போட்டீயளா?"

"போட்டேன்."

"போட்டீயளா?"

"போட்டேன்னு சொல்லுதேன்லா!"

"எத்தன தடவ?"

தொம்மை வாயைத் திறந்தார். மூணு என்று சொல்லத்தான் திறந்தார்.

"தொடல," என்றார். "தொட முடியல."

கோழி ஒன்று தெர்மோகோல் பொடியைக் கொத்திவிட்டுத் துப்பியது.

தொம்மை மண்ணில் உட்கார்ந்தபடியே மகளைப் பார்த்தார்.

"ஜெசி. அம்மா மாதாவேன்னு சொல்லல."

"என்னது?"

"ஒண்ணுமே சொல்லல. விழுந்தது எனக்குத் தெரியாது. அரை கிலோமீட்டர் போயிட்டேன். திட்டிக்கிட்டே போனேன் பிள்ள. காலியாக் கிடந்த சீட்டத் திட்டிக்கிட்டே போனேன்."

ஜெசிந்தாவின் கையிலிருந்து பை நழுவியது. அவள் எடுக்கவில்லை.

"என்ன திட்டுனீய?"

"வேண்டாம்மா."

"என்ன திட்டுனீய?"

"உனக்கு மக்ரூன் வாங்கணும்னு பேக்கரியில அரை மணி நேரம் நின்னா. எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாச்சு. நொறுங்கிரக் கூடாதுன்னு ரெண்டு கையாலயும் அந்த டப்பாவப் பிடிச்சிருந்தா. ஒரு கையாலயாவது வண்டியப் பிடின்னு நான் சொல்லல. உம்பிள்ள மக்ரூன் திங்காட்டி உசுரா போயிரும்னு கேட்டேன்."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். ஆம்பிளை அழுகிற சத்தம் அந்த முற்றத்தில் அதற்கு முன்னால் கேட்டதில்லை. அடக்கத்தன்றுகூட அவர் அழவில்லை.

ஜெசிந்தா அழவில்லை.

"எட்டு மாசம்," என்றாள். "அந்த அட்டையத் தொட்டுத் தொட்டு ஜெபம் சொல்லிக்கிட்டிருந்தேன்."

வீட்டுக்குள் போனாள். புத்தகத்திலிருந்து அட்டையை எடுத்து வந்தாள். கிழிக்கப் போகிறாள் என்று தொம்மை நினைத்தார். கிழிக்கவில்லை. அம்மாவின் படத்துக்குக் கீழே இருந்த வரியைக் கட்டைவிரலால் மறைத்துப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள்.

அமலோற்பவம் இரும்பு அறுக்கிற ரம்பத்தைத் தேடி எடுத்துத் தொம்மையின் மடியில் போட்டாள்.

"சட்டத்த அறுக்கணும்னு சொன்னீயல்லா. இந்தாங்க."

தொம்மை ரம்பத்தைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். ஒட்டிக்கொண்டு கிடந்த பின்பாதியைப் பார்த்தார். அப்புறம் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"இப்ப நான் என்ன செய்யணும், டீச்சர்?"

கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார். கேட்டால் பதில் சொல்லுவதாக அவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

அவள் மோவாயால் வாசலில் நின்ற ஜெசிந்தாவைக் காட்டினாள். தன் பிரஷைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

*

மணி நாலரை ஆகியிருந்தது.

தொம்மை எழுந்தார். சீட்டைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் மாட்டினார். முன்பாதி பழைய ரெக்சின். பின்பாதி பழுப்பு நிற ஓடு. விளிம்பெல்லாம் கண்ணாடி நார் குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருந்தது. பார்க்கவே சகிக்கவில்லை.

அதன் மேல் உள்ளங்கையை வைத்தார். அழுத்தி வைத்தார். நார் குத்தியது. எடுக்கவில்லை.

"ஜெசி," என்றார். "என் கூட வாறியா?"

அவள் கீழே கிடந்த பையை எடுத்து அட்டையை அதற்குள் வைத்தாள்.

"உங்கள என்னால மன்னிக்க முடியுமான்னு தெரியலப்பா."

"சரிம்மா."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"சீட்டு குத்தும். சாக்கு மடிச்சுப் போடவா?"

"வேண்டாம்."

அவள் வந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டு ரெண்டு பக்கமும் கால் போட்டு ஏறி உட்கார்ந்தாள். வண்டி ஒரு அமுக்கு அமுங்கியது. அந்தக் கனத்தை எட்டு மாதம் கழித்து அவர் முதுகு உணர்ந்தது.

சுற்றுவழியில் போனால் பஸ் போய்விடும். உப்பளத்து ரோட்டில் திருப்பினார்.

ரெண்டு பக்கமும் உப்பு குவிந்து கிடந்தது. வெயில் அதில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது.

வேகத்தடை வந்தது. இப்போது வெள்ளை அடித்திருந்தார்கள். தொம்மை வண்டியை நடைவேகத்துக்குக் குறைத்தார். முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறி இறங்கியது.

பின்னால் சத்தம் இல்லை.

பத்தடி போனார். இருபதடி போனார். இன்னும் சத்தம் இல்லை. கனம் இருக்கிறதா இல்லையா என்று முதுகுக்குப் புரியவில்லை. திரும்பிப் பார்க்கவும் தைரியம் வரவில்லை.

"ஜெசி," என்றார். "இருக்கியா?"

காற்றுதான் அடித்தது.

"ஜெசி?"

"இருக்கேன்."